சாய்ராகான் எடுத்த எட்டாவது தாள்

சாய்ராகான் எஜேயைப் பற்றி எழுதப்போகிறேன் என்று சொன்னதும் அவர் சிரித்துவிட்டார்.

"என்னைப் பத்தி எழுத என்ன இருக்கு? குதிரைப்பால் கறந்தேன், நூடுல்ஸ் அறுத்தேன், கல்லைத் துடைச்சேன். மூணு வரியில முடிஞ்சு போச்சு. மீதித் தாள்ல எங்க டிரைவரைப் பத்தி எழுது. அவருக்குத்தான் ஊர் முழுக்கத் தன்னைப் பத்திப் பேசணும்."

டிரைவர் என்றது தன் கணவர் பெய்ஷெனாலியை. அவர் பெயரை எஜே வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதில்லை. எங்கள் பக்கத்தில் மனைவிகள் சொல்ல மாட்டார்கள். எஜே என்றால் அக்கா. அறுபது தாண்டியவரை நான் அப்படி அழைப்பது முறைப்படி கொஞ்சம் துடுக்குதான். ஆனால் எங்கள் ஊரில் எல்லோருக்கும் அவர் எஜேதான்.

எங்கள் ஊர் கிர்கிஸ் மலைகளில் உள்ள ஜார்-புலாக். ஊருக்கு மேலே, குதிரையில் நான்கு மணி நேர ஏற்றத்தில், தெகெலூ பள்ளத்தாக்கு இருக்கிறது. வருடத்தில் ஒன்பது மாதம் பனி. மற்ற மூன்று மாதம் கரிய பாறைகள் வெளியே வரும். முன்னூறுக்கு மேற்பட்ட பாறைகளில் பழங்கால மனிதர்கள் செதுக்கிய காட்டாடுகளும் வேட்டைக்காரர்களும் வண்டிகளும் கதிர் விடும் வட்டங்களும் உண்டு. இத்தனை இருந்தும் வெளியுலகத்துக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். அதன் பெயர் வானத்து ஆள். மனித உடம்பு, தோளின்மேல் பெரிய வட்டத் தலை, தலையைச் சுற்றிக் கதிர்கள், உச்சியில் இரண்டு மெல்லிய கம்பிகள். பார்த்தால் விண்வெளிக்குப் போகிறவரின் தலைக்கவசம் போலவே இருக்கும். நான் சிறுமியாக இருந்தபோதே அது பேருந்து நிறுத்தச் சுவரிலும் எங்கள் பள்ளிக் கால்பந்து அணியின் சட்டையிலும் இருந்தது. மூவாயிரம் வருடங்களுக்கு முன் வேறு உலகத்தவர் வந்து எங்கள் முன்னோருக்கு நெருப்பும் உலோகமும் கற்றுக்கொடுத்தார்கள் என்று நம்புகிறவர்கள் ஒவ்வொரு ஜூலையிலும் கூடாரங்களோடு வருவார்கள். அல்மாட்டியிலிருந்து வரும் ரௌஷன் என்ற ஓய்வுபெற்ற பொறியாளர் அம்மாள், பெட்டி நிறைய மிட்டாய் கொண்டுவந்து எங்களுக்குக் கொடுப்பார்.

"நல்ல ஜனங்க," என்பார் எஜே. "மேலே பார்த்துக்கிட்டே நடப்பாங்க. கால்ல கல் இடிச்சுக்குவாங்க. நான்தான் கட்டுப் போட்டு அனுப்புவேன்."

எஜே ஒரு மேய்ப்பரின் ஐந்தாவது மகள். எட்டாம் வகுப்போடு பள்ளி நின்றது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தேழாம் வருடம், பத்தொன்பது வயதில், தெகெலூவுக்கு வந்த ஆய்வுக் குழுவில் சமையலுக்குச் சேர்ந்தார். குழுத் தலைவி வேரா லிவோவ்னா. பாறைச் செதுக்கல்களைத் தாளில் பிரதி எடுப்பது அவர்கள் வேலை. மெல்லிய, நார் நிறைந்த தாளை நனைத்துப் பாறையில் விரித்து, ஈரப் பஞ்சால் ஒற்றி ஒற்றிக் குழிகளுக்குள் இறங்கச் செய்வார்கள். பாதி காய்ந்ததும் மைத்துணியால் மேலே தட்டுவார்கள். பாறையின் மேல்தளம் கறுப்பாகும், செதுக்கிய இடம் வெள்ளையாக நிற்கும். அவசரக் கைக்குத் தாள் கிழியும். கனத்த கைக்கு மை குழிக்குள் இறங்கிவிடும்.

ஒருநாள் வேரா லிவோவ்னா சமையல் கூடாரத்தில் நின்று, எஜே மாவை நூல் நூலாக அறுப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்திருக்கிறார்.

"இந்தக் கை எனக்கு வேணும்," என்றாராம்.

தலைமைச் சமையல்காரி விடவில்லை. "இவ கையை நீங்க எடுத்துக்கிட்டா ராத்திரிச் சாப்பாட்டுக்கு நான் கல்லையா வேகவைக்கிறது?"

"வேகவை. அதையும் பிரதி எடுத்துக்கிறோம்."

இப்படித்தான் எஜே பாறைக்குப் போனார். இரண்டு வாரம் பழகினார். மூன்றாம் வாரம் வேரா லிவோவ்னாவுக்குப் பல்வலி வந்து கன்னம் வீங்கி, நகரத்து மருத்துவரிடம் இறங்க வேண்டியதாயிற்று. போகும்போது ஏழு பாறைகளைக் காட்டி, "நான் வர்றதுக்குள்ள இந்த ஏழையும் முடிச்சு வை," என்றார். எஜே நான்கே நாளில் ஏழையும் முடித்தார். இன்னும் இரண்டு நாள் மீதியிருந்தது. யாரும் சொல்லாமலே, தானாக ஒரு பாறையைத் தேர்ந்தெடுத்து எட்டாவது தாளை எடுத்தார். வானத்து ஆள் அந்தத் தாளில்தான் பிறந்தார்.

அந்தப் படம் குளிர்காலத்தில் ஓர் இளைஞர் பத்திரிகையில் வந்தது. கீழே ஒரே கேள்வி: 'இவர் எங்கிருந்து வந்தார்?' நாரின் நகரத்தில் நிலக்கரி லாரி ஓட்டிக்கொண்டிருந்த பெய்ஷெனாலி அதைக் கத்தரித்து ஓட்டுநர் இருக்கைக்கு எதிரே ஒட்டினார். பனிக்காலம் முழுதும் அந்த வட்டத் தலையைப் பார்த்தபடியே மலைப்பாதைகளில் ஓட்டினார். வசந்தம் வந்ததும் வேலை மாற்றம் கேட்டு எழுதிப்போட்டு, ஆய்வுக் குழுவின் ஜீப் ஓட்டுநராக எங்கள் பக்கம் வந்து சேர்ந்தார்.

அந்த முதல் நாளை இருவரும் சேர்ந்து சொல்லிக் கேட்க வேண்டும். ஒருவர் பேச்சை மற்றவர் பிடுங்கிக்கொண்டே போவார்கள்.

"தண்ணி எடுக்க வந்தா. வண்டில ஒட்டியிருந்த படத்தைக் காட்டி, இவரை எங்கயாச்சும் பார்த்திருக்கியான்னு கேட்டேன்."

"இவரைத் தாளுக்குக் கொண்டுவந்ததே நான்தான்னு சொன்னேன்."

"சும்மா அளக்காதேன்னேன்."

"நகக்கண்ணைக் காட்டினேன். ஒரு வருஷமாகியும் மை போகலை."

"அவ்வளவுதான். அன்னைக்கு வண்டி ஸ்டார்ட் ஆகலை."

"வண்டிக்கு ஒண்ணுமில்லை. இந்த ஆளுக்குத்தான் ஸ்டார்ட் ஆகலை. மூணு நாள் சமையல் கூடாரத்தைச் சுத்திக்கிட்டே நின்னாரு."

அந்த செப்டம்பரில் கல்யாணம். குழு அடுத்த வருடத்தோடு கலைந்தது. வேரா லிவோவ்னா வேறு ஊருக்குப் போய் அங்கேயே இறந்தார். எஜேயும் பெய்ஷெனாலியும் இங்கேயே தங்கிப் பள்ளத்தாக்கைக் காவல் காத்தார்கள். யாரும் பாறையில் பெயர் கிறுக்காமல், கல்லைப் பெயர்த்துக்கொண்டு போகாமல் பார்த்துக்கொண்டது அவர்கள்தான். இடையில் பல வருடங்கள் அந்த வேலைக்கு உத்தரவு கிடையாது, பதவியும் கிடையாது. அப்போதும் ஜூன் பிறந்ததும் இரண்டு குதிரைகள் மேலே ஏறும். முன்னூறு பாறைகளும் இன்றைக்கு முழுசாக இருப்பதற்கு அந்த இருவர்தான் காரணம். என் அருங்காட்சியக வேலையே அதனால் கிடைத்ததுதான்.

வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்வது பெய்ஷெனாலி.

"மூவாயிரம் வருஷத்துக்கு முன்னாடி ஒரு ஆடு மேய்க்கிறவன் இவ்வளவு உசரம் ஏறி எதுக்கு வட்டத்தலை ஆளைச் செதுக்கணும்? பார்த்தான், செதுக்கினான். பார்க்காததை எவன் செதுக்குவான்?"

பின்னாலிருந்து எஜே: "போன வாரம் ஒரு மீனுக்குக் கையை இம்மாம் அகலம் விரிச்சுக் காட்டினீங்களே. அதை எவன் பார்த்தான்?"

"கிழவி, மீன் வேற. இது விஞ்ஞானம்."

எல்லோரும் சிரிப்பார்கள். எஜே அவர் பேச்சை மறுத்ததில்லை, ஆமோதித்ததும் இல்லை. நாற்பது வருடமும் அப்படித்தான் போயிற்று. அது வெறும் குணம் என்று நான் நினைத்திருந்தேன்.

இரண்டாயிரத்துப் பதினெட்டு ஜூலையில் எனக்கு ஒரு வேலை தரப்பட்டது. பழைய பிரதித் தாள்களைக் கணினியில் ஏற்றி, ஒவ்வொன்றையும் மூலப் பாறையோடு ஒப்பிட்டு, பட்டியலில் திருத்தங்களை எழுத வேண்டும். அதே சமயத்தில் வெளிநாட்டுத் தொலைக்காட்சிக் குழு ஒன்றின் கடிதமும் வந்தது. வானத்து ஆளைப் படமெடுக்க வருகிறார்களாம். கல்லின் மேற்பரப்பை நூலிழை பிசகாமல் அளந்து திரையில் காட்டும் கருவியும் கொண்டுவருகிறார்கள். கடிதத்தைக் கிர்கிஸ் மொழியில் பெயர்த்துப் பெய்ஷெனாலிக்குப் படித்துக்காட்டியது நான்தான். கருவி காட்டும் படத்தை முதலில் அவரிடம் காட்டி, அந்த நேரத்தில் அவர் முகத்தைப் படம்பிடிப்பார்களாம். அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

குழு வருவதற்கு இரண்டு நாள் முன்னால் நான் தாள்களோடு மேலே போய், எஜேயும் பெய்ஷெனாலியும் இருந்த கம்பளிக் கூடாரத்தில் தங்கினேன். வானத்து ஆளின் பாறை கிழக்குப் பார்த்தது. எட்டாவது தாளை அதோடு ஒப்பிடச் சூரியன் எழும் நேரம்தான் சரி என்று தோன்றியது. சாய்ந்த வெளிச்சத்தில் ஆழமில்லாத செதுக்கல்களும் தெரியும். அதை எஜேயிடம் சொன்னேன்.

எஜே அடுப்பைத் தணித்தார். பிறகு, "ஊர்லேருந்து வர்றவங்க அங்க போய்ச் சேர உச்சி ஆயிடும். கூடாரம் போடுறவங்களும் தூங்கி எழுந்து பத்து மணிக்குத்தான் ஏறுவாங்க," என்றார். "நீ ஒருத்திதான் இந்த நேரத்தைக் கேட்டிருக்கே. வா, போலாம்."

விடிவதற்குள் இருவரும் பாறைக்கு வந்துவிட்டோம். சூரியன் எதிர் முகட்டின் மேல் வந்தது. முதலில் வட்டம் ஒளிர்ந்தது. கீழே கையில் சவுக்கோடு மனிதன். இரண்டுக்கும் நடுவே, வெறும் பாறை என்று நாங்கள் எல்லோரும் நினைத்திருந்த இடத்தில், பாசிக்கு அடியிலிருந்து ஒரு காட்டாடு எழுந்து வந்தது. நீண்டு வளைந்த கொம்புகள், முதுகு, கால்கள். அரை மணி நேரம் இருந்தது. வெளிச்சம் நேரானதும் மங்கிப் போயிற்று.

வட்டம் தலை அல்ல, தனிச் சூரியன். உச்சியில் நீட்டிக்கொண்டிருந்த கம்பிகள் ஆட்டுக் கொம்பின் நுனிகள். நடுவிலிருந்த ஆட்டை எடுத்துவிட்டால் சூரியன் இறங்கி மனிதனின் தோள்மேல் உட்கார்ந்துகொள்ளும்.

கையிலிருந்த தாளைப் பார்த்தேன். ஆடு அதில் இல்லை. ஆனால் கைத்தவறு போலவும் தெரியவில்லை. அந்த இடம் மட்டும் ஒரே சீராக, வழவழவென்று கறுத்திருந்தது.

"பார்த்துட்டியா?" என்றார் எஜே.

"பார்த்துட்டேன்."

"வெண்ணெய்."

எனக்குப் புரியவில்லை.

"வீட்டை விட்டு முதல்முதலா வேலைக்குக் கிளம்பினப்போ எங்கம்மா ஒரு உருண்டை வெண்ணெய் கட்டிக் கொடுத்தாங்க. புதுசா பொறந்த குழந்தை வாய்ல தடவுறோம், புது மருமக அடுப்புல போடுறா, அதுமாதிரி உன் கையால தனியா முதல் வேலை செய்யறப்போ அந்தப் பொருளுக்கு வெச்சுட்டுத் தொடுன்னாங்க. மத்த ஏழும் அந்தம்மா சொல்லிச் செஞ்சது. இது நானா செஞ்சது. அதனால வெச்சேன். எங்க வெக்கிறது? விடியல் வெளிச்சத்துல பார்த்தா நடுவுல ஒரு காட்டாடு. மலையாடுன்னா நமக்கு மரியாதை உண்டு இல்லையா? கொம்புலேருந்து குளம்பு வரைக்கும் நல்லா அழுத்தித் தேய்ச்சேன். குழியெல்லாம் ரொம்பிப் போச்சு. அது மேல தாள் எப்படி ஒட்டும்? ஈரமும் பிடிக்கலை, ஒண்ணும் பிடிக்கலை. மை மட்டும் சமமா படிஞ்சுது. கொம்பு நுனிக்கு வெண்ணெய் பத்தலை. அது மட்டும் விழுந்துடுச்சு."

"வேரா லிவோவ்னா பார்க்கலையா?"

"அவங்க வந்த அன்னைக்கே பனி கொட்டிச்சு. தாளைச் சுருட்டிக்கிட்டு எல்லாரும் இறங்கிட்டோம். மறு வருஷம் அவங்க கீழ்ப் பக்கத்துப் பாறைங்களைப் பார்த்துக்கிட்டிருந்தாங்க, இங்க ஏறலை. நானும் ஆடு மட்டும்தான் விழலை, மத்ததைச் சரியாத்தான் எடுத்திருக்கேன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். ஆகஸ்ட்ல இவரைக் கூட்டிட்டு வந்து பெருமையா காட்டலாம்னு, முன்னாடியே விடியக்காலைல நான் மட்டும் ஏறினேன். வெண்ணெயெல்லாம் பனில போயிருந்துது, அப்பத்தான் வட்டத்துக்கும் ஆளுக்கும் நடுவுல ஆடு என்னைப் பார்த்து நின்னுது."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? அவர் மத்தியானமா மூச்சிரைக்க ஏறி வந்து, கல்லைக் கட்டிக்கிட்டு அழுதாரு. கல்யாணத்துக்கு மூணு வாரம். நான் வாயை மூடிக்கிட்டேன்."

பட்டியலில் திருத்தம் எழுதித்தான் ஆக வேண்டும் என்று அவருக்குத் தெரியும். அதற்கு மாதக் கடைசி வரை அவகாசம் இருந்தது. ஆனால் மறுநாள் மதியம் அந்தக் கருவி வந்துவிடும். ஒரே நிமிடத்தில் ஆட்டைத் திரையில் காட்டிவிடும். காமிரா பெய்ஷெனாலியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

"கேமராவுக்கு முன்னாடி அந்த ஆளு தலை குனியக் கூடாது," என்றார் எஜே. "இன்னைக்கே சொல்லிடறேன். கல்லைப் பத்தி எனக்குக் கவலை இல்லை, பொண்ணே. படம் பொய்னா, அதை நம்பி வந்து உன்னைக் கட்டிக்கிட்டதும் பொய்தானான்னு கேப்பாரு. அதுக்குத்தான் பதில் தேடிக்கிட்டிருக்கேன். நாற்பது வருஷமா கிடைக்கலை."

நாங்கள் இறங்கி வந்தபோது பெய்ஷெனாலி வாசலில் உட்கார்ந்து தன் வெள்ளைத் தொப்பியைத் துடைத்துக்கொண்டே, மறுநாள் பேச வேண்டியதை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே வந்து உட்கார்ந்தார். தேநீர் ஊற்றுவது இளையவளான என் வேலை. பதற்றத்தில் கிண்ணத்தை விளிம்பு வரை நிரப்பிவிட்டேன்.

"ஏம்மா மியூசியம், கிண்ணம் நிறைய ஊத்திட்டே? குடிச்சுட்டு எழுந்து போங்கறியா? என் வீட்டுலயே என்னைத் துரத்துறியா?"

"மன்னிச்சுக்கங்க பைக்கே," என்று, ஊரார் அவரை மரியாதையாகக் கூப்பிடும் பெயரைச் சொல்லி, பாதியைக் கொட்டினேன்.

எஜே ரொட்டியைப் பிட்டு அவர் முன்னால் வைத்தார். "ஒண்ணு சொல்லணும். நான் ஒரு ஆட்டை மறைச்சுட்டேன்."

"யாரோட ஆடு?"

"யாரோடதும் இல்லை. காட்டாடு."

"எப்போ?"

"எழுபத்தேழுல."

பெய்ஷெனாலி என்னைப் பார்த்தார். "நாற்பத்தோரு வருஷமா? எலும்பு கூட மிஞ்சியிருக்காதே கிழவி. இப்ப எந்தப் போலீஸ்காரன் வந்து கேக்கப்போறான்?"

எஜேக்குச் சிரிப்பு வரவில்லை. அதைக் கண்டதும் அவர் கிண்ணத்தைக் கீழே வைத்தார். எஜே வெண்ணெயிலிருந்து ஆரம்பித்து எதையும் விடாமல் சொன்னார். நான் எட்டாவது தாளையும், காலையில் கைப்பேசியில் எடுத்த படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப இந்த வட்டம்?"

"சூரியன்."

"இந்தக் கம்பி ரெண்டும்?"

"கொம்பு."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"அந்த ஆகஸ்ட்ல. கல்யாணத்துக்கு முன்னாடி."

"முன்னாடி," என்றார் அவர். "ஊர் ஊரா வந்தவங்க கிட்டல்லாம் நான் கத்திக்கிட்டு இருந்தேன். நீ பின்னாடி நின்னு வேடிக்கை பார்த்தே."

"வேடிக்கை பார்க்கலை. பயந்துக்கிட்டு நின்னேன்."

அவர் எழுந்து போனார். குதிரைக்குச் சேணம் பூட்டும் சத்தம் கேட்டது. பாறையை நோக்கி ஏறும் குளம்பொலி வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது.

"போகட்டும்," என்றார் எஜே. "மேலே ஏறினா அவருக்குக் கோவம் இறங்கும்." ஆனால் ஒரே கிண்ணத்தை மூன்று முறை கழுவினார். மதியத்துக்கு மாவு பிசைந்தார். அறுக்காமல் துணி போட்டு மூடிவைத்தார். குதிரை கறக்கப் போனவர் பாதியில் எழுந்து வந்து பாதையைப் பார்த்தார். நான் ஏதாவது ஆறுதலாகச் சொல்லியிருக்க வேண்டும். விறகை அடுக்கினேன். அடுக்கியதைப் பிரித்து மறுபடி அடுக்கினேன்.

வெயில் சாயும்போது அவர் திரும்பி வந்தார். முழங்கால்களில் பாசி. வலது கை விரல்நுனிகள் தோல் உரிந்து சிவந்திருந்தன. விடியல் தாண்டினால் அந்தப் பாறையில் ஆடு தெரியாது. கண்ணால் பார்க்க முடியாததை விரலால் தேடியிருக்கிறார் என்று புரிந்தது.

எஜே வெதுவெதுப்பான தண்ணீர் கொண்டுவந்து அந்தக் கையை அதில் வைத்தார். அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"ஆடு இருக்கு," என்றார். "கொம்புலேருந்து ஆரம்பிச்சு ஒவ்வொரு கொத்தா தடவிப் பார்த்தேன். பின்னங்கால்ல அவனுக்குக் கை சறுக்கியிருக்கு."

"யாருக்கு?"

"செதுக்கினவனுக்கு. அடி தப்பி, வயித்துக்குக் கீழ நீளமா ஒரு கோடு இழுத்துக்கிட்டுப் போயிருக்கு. முப்பது வருஷம் வண்டி இரும்பு தட்டினவன் நான். சறுக்கின அடி எனக்குத் தெரியாதா? நானா இருந்தா கெட்ட வார்த்தை சொல்லிட்டு உளியைத் தூக்கி எறிஞ்சிருப்பேன். அவன் எறியலை. அந்தக் கோட்டுக்கு நாலு குட்டிக் கால் வெச்சு, ஒரு தலை வெச்சு, தாயோட மடியில முட்டுற குட்டியா ஆக்கிட்டான். உன் போட்டோல கூட அது விழலை. விரல்ல தடவினாத்தான் தெரியுது."

எஜே இன்னும் கொஞ்சம் வெந்நீர் ஊற்றினார்.

"நெருப்பும் இரும்பும் சொல்லித்தர அம்மாந்தூரத்துலேருந்து வந்தவனுக்குக் கை சறுக்குமா கிழவி? சறுக்காது. சறுக்கினாலும் சமாளிக்க மாட்டான், அழிச்சுட்டு வேற கல்லுக்குப் போயிடுவான். இது நம்ம ஆளு. குளிர்ல கை விறைச்சு நின்ன ஒரு நம்ம ஆளு."

"என் மேல கோவம்?"

"இருக்கு. நாற்பது வருஷத்துக் கோவம். ஒரே நாள்ல தீர்க்க முடியாது, கொஞ்சம் கொஞ்சமாத்தான் தீர்த்துக்கணும்."

"அதுக்கு ரொம்ப ஆயுசு வேணுமே."

"அதைத்தான் கேட்டுக்கிட்டு வந்தேன், வழியெல்லாம்." தண்ணீரில் கையை அசைத்தார். "மலை இறங்கும்போது யோசிச்சேன். நீ அந்தக் கல்லுக்கு வெண்ணெய் வெக்காம இருந்திருந்தா, ஆடு ஆடாவே பத்திரிகைக்குப் போயிருக்கும். ஆட்டுப் படத்தை எந்த டிரைவர் வண்டில ஒட்டிக்குவான்? நான் இன்னும் நாரின்ல கரி ஏத்திக்கிட்டு இருப்பேன்."

"வேற எவளையாச்சும் கட்டிக்கிட்டு."

"ஆமா. நூடுல்ஸைக் கயிறு மாதிரி அறுக்கிறவளை."

எஜே எழுந்து போய் மூடிவைத்திருந்த மாவை எடுத்து அறுக்க ஆரம்பித்தார். முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்ததால் முகம் தெரியவில்லை. கத்தி மட்டும் வழக்கம்போல ஒரே சீராக ஓடியது.

மறுநாள் மதியம் குழு வந்தது. இயக்குநர் ஒரு பெண், கூட இரண்டு ஆண்கள். நான் மொழிபெயர்த்தேன். கருவியைப் பொருத்தினார்கள், திரையை அவர் பக்கம் திருப்பினார்கள், காமிராவை அவர் முகத்துக்கு வைத்தார்கள். திரையில் ஆடு வந்தது.

"ஆடு," என்றார் பெய்ஷெனாலி, தெருவில் தெரிந்தவரைக் கண்டதுபோல. "கீழே குட்டி இருக்கணுமே. உங்க மெஷின் குட்டியைக் காட்டலியே?"

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கருவியை இன்னும் நெருக்கிவைத்தார்கள். சற்று நேரத்தில் குட்டியும் வந்தது. கருவியைக் கையாண்ட இளைஞர் தன் மொழியில் ஏதோ சொல்லிச் சிரித்து, பெய்ஷெனாலியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். இயக்குநருக்கு மட்டும் ஏமாற்றம். நாற்பது வருடம் நம்பியது பொய்யாகிவிட்டதே, வருத்தமில்லையா என்று கேட்கச் சொன்னார். கேட்டேன்.

பெய்ஷெனாலி தொப்பியைச் சரிசெய்தார்.

"வருத்தம் எதுக்கு? அந்த நம்பிக்கை எனக்கு ஒரு கெடுதலும் பண்ணலை. இந்த மலைக்குக் கொண்டுவந்துச்சு. ரௌஷன் அம்மா மாதிரி எத்தனையோ பேரைச் சிநேகிதம் ஆக்கிச்சு. அவங்கள்லாம் வந்து போய்க்கிட்டு இருந்ததாலதான் இந்தக் கல்லுங்களை யாரும் மறக்கலை. எங்க தாத்தன் பாட்டனுக்கு இவ்வளவு வராது, யாரோ வந்து சொல்லிக்கொடுத்திருக்கணும்னு நெனச்சேன் பாருங்க, அது ஒண்ணுதான் தப்பு. அதுக்கு நேத்து கல்லுகிட்டயே மன்னிப்புக் கேட்டுட்டேன். இத்தனை நாள் மேலே பார்த்து நன்றி சொல்லிக்கிட்டிருந்தேன். இனி பக்கத்துல பார்த்துச் சொல்லிக்கிறேன். கழுத்துவலியாவது மிச்சம்."

பக்கத்தில் என்று அவர் கையை நீட்டிய திசைக்குக் காமிரா திரும்பியது. எஜே முக்காட்டை இழுத்துக்கொண்டு ஒரு குதிரைக்குப் பின்னால் போய்விட்டார்.

குளிர்காலத்தில் அந்தப் படம் ஒளிபரப்பானது. ஊரே பள்ளிக்கூடத்தில் கூடிப் பார்த்தது. அவருடைய அந்த நீண்ட பதிலில் ஒரு சொல்லும் இல்லை. குட்டியைப் பற்றி அவர் கேட்டது மட்டும் வந்தது. அடுத்த ஒரு மாதம் யார் அவரைக் கண்டாலும், "பைக்கே, குட்டி சௌக்கியமா?" என்றார்கள். கால்பந்து அணியின் சட்டையில் ஆட்டைப் போடலாமா என்று பள்ளியில் வாக்கெடுப்பு நடந்தது. வானத்து ஆள்தான் ஜெயித்தார். அந்தச் சட்டையோடு மாவட்டக் கோப்பையை இரண்டு முறை வென்றிருக்கிறார்கள், யார் விடுவார்கள்? ரௌஷன் அம்மாள் மறு வருடமும் மிட்டாயோடு வந்தார். இது ஒரு கல்தானே, உலகத்தில் வேறு எத்தனையோ இடங்கள் இருக்கின்றன என்றார். "அதுவும் சரிதான்," என்று சொல்லி எஜே அவருக்குப் படுக்கை விரித்தார்.

நான் பட்டியலில் திருத்தம் எழுதினேன். பழைய தாள்களில் குழுத் தலைவியின் பெயர் மட்டுமே இருக்கும். மற்றவர் யாருக்கும் இடமில்லை. நான் ஒரு கட்டத்தைச் சேர்த்தேன். எட்டாவது தாள், பிரதி எடுத்தவர் சாய்ராகான். விடுபட்டது காட்டாடு ஒன்று, குட்டி ஒன்று. முதல் ஏழு தாள்களுக்கும் அவர் பெயரையே எழுதினேன். அவை நான் இதுவரை பார்த்த பிரதிகளிலேயே மிகத் துல்லியமானவை. அச்சிட்டுக் கொண்டுபோய்க் காட்டியபோது எஜே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

"என் பேரை இவ்வளவு சுத்தமா யாரும் எழுதினதில்லை," என்றார். தாளை மடித்து, மடித்ததைப் பிரித்து, மடிக்காமலே பெட்டிக்குள் வைத்தார்.

இப்போதெல்லாம் பாறையைப் பார்க்க வருகிறவர்களை அவர்கள் முதல்நாளே மேலே வரச்சொல்லித் தங்கவைக்கிறார்கள். எஜே எல்லோருக்கும் நூடுல்ஸ் அறுக்கிறார். விடியலில் பெய்ஷெனாலி அவர்களைப் பாறைக்கு முன்னால் நிறுத்துகிறார். ஆடு எழும் வரை வாயைத் திறப்பதில்லை. அவரைப் பொறுத்தவரை அது பெரிய விரதம்.

போன கோடையில் ஒருவர் விடாமல் கேட்டார். "அப்ப வானத்துலேருந்து யாருமே வரலைன்னு சொல்றீங்களா?"

"வந்திருக்கலாம்," என்றார் பெய்ஷெனாலி. "உலகம் பெருசு, எனக்கு என்ன தெரியும்? ஆனா இங்க வந்திருந்தா அவங்களுக்கு வேலை இருந்திருக்காது. சும்மா உக்காந்து டீ குடிச்சுட்டுப் போயிருப்பாங்க."

"கிண்ணத்துல பாதிதான் ஊத்தியிருப்பேன்," என்றார் எஜே. "அவ்வளவு தூரம் வந்தவங்களை உடனே அனுப்ப முடியுமா?"